தங்கை வீட்டுக்கு ஒரு மலர்வளையம்

எனக்குக் கருநாக்கு என்று அம்மா சொல்வார். நான் "விழப்போறாய்" என்றால் பிள்ளை விழும், "மழை வரப்போகுது" என்றால் கொடியில் போட்ட துணி நனையும். கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இது எல்லாருக்கும் ஒரு பகிடி. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன், அம்மாவின் செத்தவீட்டில், கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது என் ஒரே தங்கைக்குப் போனில் ஒன்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். லண்டன் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு பட்டணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிராமம். அம்மா போனதும் முதலில் அவளுக்குத்தான் சொன்னோம். வருகிறேன் என்றாள். அவளுக்காகச் சவப்பெட்டியை மூடாமல் ஒரு நாள் கூடுதலாக வைத்துக் காத்திருந்தோம். மறுநாள் காலை போன் எடுத்து, பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் கிடக்கிறது, கேட்டும் தருகிறார்கள் இல்லை, வர முடியாது என்று அழுதாள். நான் அதைப் பொய்ச் சாட்டு என்று நினைத்தேன். பாதிரியார் வாசலில் நிற்கிறார், வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எனக்கு நித்திரை இல்லாத மூன்றாவது நாள். "சரி, வராதை. உன்ர வீட்டில சாவு விழேக்க நானும் வரமாட்டன். பாத்துக்கொள்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பதற்கு நான்தான் சாட்சி.

பிறகு அவள் இரண்டு தரம் போன் எடுத்தாள், நான் தூக்கவில்லை. மூன்றாம் தரம் அவள் எடுக்கவில்லை. நத்தாருக்கு ஒரு கார்ட் வந்தது. பதில் போடாமல் அலுமாரிக்குள் வைத்தேன். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, கணவர் பத்திரிகையோடு கதிரையில் சாய்ந்திருந்தார். என் போன் கிணுங் கிணுங் என்று அடித்தது. எங்கள் சொந்தக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஐந்து நாட்டு ஆட்கள். திறந்தால் ஒரே மெழுகுதிரிப் படங்கள். ஆழ்ந்த அனுதாபங்கள், ஆன்மா சாந்தியடையட்டும், கும்பிடும் கைகள். மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். தங்கையின் கணவர். மாரடைப்பு.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து போன சொல், கடலைத் தாண்டி, ஆறு வருடம் காத்திருந்து, அந்த வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. படித்த மனுசி இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நல்லதுக்கு அழைத்தால் போகலாம், கெட்டதுக்கு அழைக்காமலே போகவேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போனால் கணக்கு அதோடு தீர்ந்துவிடும். யாரும் பழசைக் கேட்கமாட்டார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். அதற்கும் போகாவிட்டால் பிறகு போவதற்கு ஒரு வாசல் இல்லை. நான் போகவேண்டும். ஆனால் விசா எடுக்க மூன்று கிழமையாவது செல்லும். என் பாஸ்போர்ட்டும் ஓர் அலுவலகத்தில் கிடக்கத்தான் வேண்டும். அவள் அன்று சொன்னது சாட்டு இல்லை என்பது அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று விளங்கியது.

"நீர் போன் எடுத்துக் கதையும்," என்றார் கணவர்.

"என்னெண்டு கதைக்கிறது? நான் சொன்ன மாதிரியே நடந்திட்டுது எண்டோ?"

அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். எனக்கு அவளுடைய குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. உண்மை அதுதான். அதனால், ஆள் போக முடியாத இடத்துக்கு நாங்கள் எதை அனுப்புவோமோ அதை அனுப்ப நினைத்தேன்: மலர்வளையம். பெயர் எழுதிய ரிப்பனோடு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் நின்றால், அனுப்பியவரும் அங்கே நிற்பதாகத்தான் எங்களுக்குள் அர்த்தம். பெட்டியை மூடுவதற்குள் அது அங்கே நிற்கவேண்டும்.

இங்கே என்றால் பொரளைச் சுடலைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பூக்கடைகள். போய் நின்றால் கடைக்காரர் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நோனா, அதத ஹெட்டத?" அம்மா, இன்றைக்கா, நாளைக்கா. நாளை மறுநாள் என்று ஒரு பதில் அந்தக் கடைகளில் கிடையாது. செத்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அந்தக் கணக்கைத்தான் நான் இங்கிலாந்துக்கும் போட்டேன்.

இணையத்தில் பூ அனுப்பும் பெரிய கடைகளைப் பார்த்தேன். எல்லாம் நாளை, நாளை மறுநாள் என்றன. அவற்றை விட்டுவிட்டு, நத்தார்க் கார்ட்டின் உறையை எடுத்து முகவரியைப் பார்த்தேன். வீட்டுக்கு இலக்கம் இல்லை. ஒரு மரத்தின் பெயர் மட்டும், அதற்குக் கீழே கிராமத்தின் பெயர். போனில் வரைபடத்தைத் திறந்து அந்தக் கிராமத்தின் தெருப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு தேவாலயம், ஒரு தபால் பெட்டி, கல்மதில்கள், ஈரமான ரோடு. ஒரு மனிதரைக் காணவில்லை, ஒரு நாயைக்கூடக் காணவில்லை. இந்த இடத்தில் அவள் யாரைப் பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். கடைசியில் தேவாலயத்துக்கு எதிரே ஒரு பூக்கடை தெரிந்தது. அதன் இலக்கமும் இருந்தது. எங்களுக்கு இரண்டரை மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது. எடுத்தேன்.

ஒரு பெண் எடுத்தார். வயதான, மெதுவான குரல். அவசரம் என்ற ஒன்றைத் தன் வாழ்க்கையில் பார்த்திராத குரல் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இறுதிச் சடங்குக்கு ஒரு மலர்வளையம் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றேன்.

"சடங்கு எப்போது?" என்று கேட்டார்.

"நாளைக்கு. சிலவேளை இன்றைக்கே."

எந்தச் சவச்சாலை என்று கேட்டார் அவர். வளையங்களை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வீட்டுக்கு என்றேன். வீட்டுக்கு என்றால் ஒரு சிறு பூக்கொத்துத்தான் வழக்கம் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பூக்கொத்து பிறந்தநாளுக்குக் கொடுப்பது, எனக்கு வட்டமாக, பெரிதாக, வெள்ளைப் பூவில் வளையம் வேண்டும், பெட்டி வீட்டில்தான் இருக்கும் என்றேன். பெட்டி வீட்டில் இருக்குமா என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். பின்னே எங்கே இருக்கும், கராஜிலா என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

முகவரியைச் சொன்னதும் அவருடைய குரல் மாறியது. "ஐயோ, அந்த வீடா? எனக்கு அவர்களைத் தெரியுமே. அவர் இறந்துவிட்டாரா? அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி இப்போதுதான் கடைக்கு வந்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லையே."

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்கவேண்டும். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், பூக்கடைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி. அவர்களுக்குத் தெரியாத சாவு வெள்ளவத்தையில் எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. "நான் சொந்த அக்கா. எனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தப் பாவப்பட்ட மனுசி.

அட்டையில் என்ன எழுத என்று கேட்டார். அனுதாபம் என்று எழுத மனம் வரவில்லை. அது ஊரார் எழுதுவது. வரமாட்டேன் என்று சொன்னவள் நான். அதைத் திரும்ப எடுக்க ஒரு வழிதான் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். 'அக்கா வந்திட்டன்.' இரண்டு சொல். எழுத்துகளைச் சரிபார்க்க எனக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். அவருடைய வாயில் அது ஏதோ மருந்தின் பெயர் போல இருந்தது. பதினொரு மணிக்குள் தன் கணவர் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார் என்றார்.

போனை வைத்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முகம் கழுவிவிட்டு மாதா படத்துக்கு முன் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். தேத்தண்ணீர்கூடப் போட்டுக் குடித்தேன். நான்கு மணி தாண்டி இருக்கும், லண்டனில் இருக்கும் எங்கள் சித்தியின் மகன் போன் எடுத்தான். என் தம்பி முறை.

"அக்கா, குறூப்பில நடக்கிற விசரைப் பாத்தனீங்களோ? அத்தான் சாகேல்லை. ஆஸ்பத்திரியில மூச்சு மெஷினில வைச்சிருக்கினம். மூளை செத்துப்போச்சாம், வெள்ளிக்கிழமை மெஷினை நிப்பாட்டுறதாம். அவுஸ்திரேலியாவில ஒருத்தர் அவசரப்பட்டு மெழுகுதிரி போட, மற்ற எல்லாரும் பின்னால போட்டிட்டினம். உசிரோட இருக்கிற மனுசனுக்கு!"

சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலே கால். அங்கே பத்தே முக்கால்.

மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் வீட்டுக்கு நான் செத்தவீட்டு வளையம் அனுப்பியிருக்கிறேன். அதுவும் யார்? உன் வீட்டில் சாவு விழும் என்று வாய் திறந்து சொன்ன நான். வெள்ளி வரைக்கும் பொறுக்காமல், சாவுக்கு முன்னாலேயே, அக்கா வந்திட்டன் என்று எழுதி. இதைவிடப் பெரிய சாபம் ஒன்றை எதிரிகூட யோசித்துக் கண்டுபிடிக்கமாட்டான்.

பூக்கடைக்கு எடுத்தேன். மூன்று தரம் எடுத்த பிறகுதான் அந்தப் பெண் தூக்கினார். நிறுத்துங்கள், அனுப்பவேண்டாம், அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன். ஆங்கிலம் வாயில் வழுக்கியது. அவர் "ஓ" என்றார். பிறகு இன்னொரு "ஓ". வான் போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. உங்கள் கணவருக்குப் போன் எடுங்கள் என்று கத்தினேன். எடுத்தார். அந்த மணி கடைக்குள்ளேயே அடிப்பது எனக்கும் கேட்டது. மனிதர் போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதலில் முதியோர் இல்லத்துக்கு ஒரு கூடை, அதற்குப் பிறகுதான் அந்த வீடு, இன்னும் ஐந்து நிமிடமாவது இருக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டார். அவருடைய குரலிலும் அப்போது அவசரம் வந்திருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

"இஞ்சருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டேன். பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன், தங்கையின் பெயர் அகப்படவில்லை. அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். ஆறு வருடம் அழிக்காமல் வைத்திருந்த பெயரைத் தேடி, அழுத்தி, என் காதில் வைத்தார்.

இரண்டாவது மணியில் தூக்கினாள்.

"அக்கா?"

அந்தக் குரலுக்கு நான் ஆறு வருடமாக எத்தனையோ பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் "நீ வீட்டிலயோ நிக்கிறாய்? கதவைத் திறக்காதை," என்றேன்.

"என்ன? இப்பதான் ஆஸ்பத்திரியால குளிக்க வந்தனான். என்ன அக்கா?"

"ஆர் மணி அடிச்சாலும் திறக்காதை. நான் சொல்லுறன், முதல் நான் சொல்லுறதைக் கேள்."

எங்கள் பின்பக்கம் கடற்கரை ரயில் ஒன்று தடதடவென்று போனது, ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. அது போய் முடியும்வரை கத்தினாலும் கேட்காது. "நீங்க இன்னும் அந்த வீட்டிலயோ இருக்கிறீங்கள்?" என்று அவள் கேட்டது மட்டும் கடைசியில் கேட்டது. அதோடு, அவளுடைய பக்கத்தில், இரண்டு தட்டாக வாசல் மணி அடித்தது.

"போகாதை," என்றேன்.

போனாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டேதான் போனாள், எல்லாம் எனக்குக் கேட்டது. செருப்புச் சத்தம். பூட்டுத் திறந்த சத்தம். ஓர் ஆணின் குரல், தாழ்ந்து, மரியாதையாக, உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னது. கதவு சாத்தும் சத்தம் வரக் கனநேரம் எடுத்தது. பிறகு கடதாசி கிழியும் சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது நீங்க அனுப்பினதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இவருக்கோ?"

"ஓம்."

"இவர் இன்னும் இருக்கிறார் அக்கா. மூச்சு ஓடுது. காலமைகூடக் கையைப் பிடிச்சுப் பாத்தனான், சூடாத்தான் இருந்தது."

"தெரியும். இப்பதான் தெரியும். எல்லாரும் மெழுகுதிரி போட்டவை, நான் நம்பிட்டன். பெட்டியை மூடமுந்தி வந்து சேரோணும் எண்டு... உன்னை நோகடிக்க அனுப்பேல்லை. அம்மாவாணை அனுப்பேல்லை." அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. அன்று அம்மாவின் செத்தவீட்டில் சொன்னதைச் சொன்னேன். என் நாக்கை அறுத்துப் போடவேண்டும் என்று சொன்னேன். விசாவைச் சொன்னேன், பாஸ்போர்ட்டைச் சொன்னேன், நீ அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை என்று இன்றைக்குத்தான் விளங்கியது என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டதால் போன் கீழே விழுந்து, கணவர்தான் எடுத்துத் தந்தார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க சொன்னது எனக்கு மறக்கேல்லை," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை இவரை அம்புலன்சில ஏத்தேக்க, அதுதான் முதல் ஞாபகம் வந்தது. இவரைப் பாக்காமல் உங்களை நினைச்சுக்கொண்டு நிண்டனான். அது எனக்குச் சரியான கோவம்."

"படு. கோவப்படு. ஏசு."

"ஏச எனக்கு இப்ப தெம்பு இல்லை."

உன்னோடு யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். மகள் தூரத்துப் பல்கலைக்கழகத்தில், வியாழக்கிழமைதான் வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரி சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாளாம், உள்ளே வரமாட்டாளாம், அது இந்த ஊர் மரியாதையாம். வைத்தியர்கள் வந்து அமைதியாகக் கதைக்கிறார்களாம், எல்லாரும் அமைதியாகத்தான் கதைக்கிறார்களாம். மெஷினை நிறுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று நேரமும் குறித்துவிட்டார்களாம். கையெழுத்து அவளே போட்டாளாம்.

"நான்தான் போட்டனான் அக்கா," என்றாள். "மூண்டு இடத்தில."

அப்போதுதான் அழத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில் சின்ன வயதில் அழுவது போல, மூச்சு இழுத்து இழுத்து, இடையில் ஒன்றும் சொல்ல முடியாமல் அழுதாள். ஐயாயிரம் மைல் இருக்குமோ என்னவோ, பிடிக்க ஒரு கை இல்லாமல் அவள் அழ, நானும் இங்கே சமையலறை நிலத்தில் இருந்து அழுதேன். கணவர் அடுப்பில் இருந்த கேத்திலை இறக்கிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே இருட்டத் தொடங்கவில்லை, அது மட்டும் தெரியும்.

வானை மறுபடி வந்து அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன், இப்போதே அந்தப் பூக்கடைப் பெண்ணுக்கு எடுக்கிறேன் என்றேன். நீ அதைப் பார்க்கவேண்டாம், துணி ஒன்றால் மூடி வெளியே வை என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் அவள் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன்.

"வேண்டாம்," என்றாள். "நல்ல பூ. அந்த மனுசியிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா, தண்ணி தெளிச்சு வைச்சா இது வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குமோ எண்டு."